மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குக் காரில்: குடும்பத்தோடு பாலையைக் கடக்க ஒரு முழு வழிகாட்டி

ஜூன் பிறந்துவிட்டால் ஓமானில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில், நாட்டின் தெற்கே சாரல் விழும் சலாலாவைப் பற்றி ஒரே கேள்விதான் சுற்றும். "சலாலாவுக்கு வண்டியிலேயே போகலாமா, ஃப்ளைட் பிடிக்கலாமா?" சின்னப் பிள்ளைகளோடும் வயசான அம்மாவோடும் நான் இந்தச் சாலையில் பலமுறை போய் வந்திருக்கிறேன். என் பதில்: தாராளமாக வண்டியிலேயே போங்கள். ஆனால் ஒரே நாளில் போகாதீர்கள், இரவில் போகவே போகாதீர்கள். கீழே எழுதியிருப்பவற்றில் வேறு எதை மறந்தாலும் இந்த இரண்டை மட்டும் மறக்க வேண்டாம்.

மொத்தம் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். மஸ்கட்டிலிருந்து 15-ஆம் எண் சாலையில் நிஸ்வா பக்கம் வந்து, அங்கிருந்து 31-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆதம், காபா, ஹைமா, கஃப்தைன், கித்பித், தும்ரைத், சலாலா. பெரிதாகத் திருப்பம் ஏதும் கிடையாது. வழி தவறுவதற்கும் வாய்ப்பில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நம்மூர் மலைப்பாதையில் வளைவு ஓட்டுநரை விழிப்பாக வைத்திருக்கும். இங்கே ஆதம் தாண்டியதும் தரை தட்டையாகிவிடும். மரம் இல்லை, மேடு இல்லை, கண் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. மூன்று மணி நேரம் அதே காட்சி. வேகமுள் 120-இல் நிற்கும், உடம்புக்கோ வண்டி நின்றுகொண்டிருப்பதுபோலத் தோன்றும்.

முதல் வருடம் எனக்கும் இது தெரியாது. வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்து, இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினோம். ராத்திரியில் வெயில் இருக்காது, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று கணக்கு. ஹைமாவைத் தாண்டி, விடியற்காலை மூன்று மணி இருக்கும். சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் சரசரவென்று தெறிக்கும் சத்தம் கேட்டுத்தான் கண் திறந்தேன். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தார் ரோட்டை விட்டு இறங்கியிருந்தன. எத்தனை நொடி தூங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. பின் சீட்டில் மகள் தலையணையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எடுத்த முடிவுதான், சூரியன் விழுந்த பிறகு இந்தச் சாலையில் எங்கள் வண்டி ஓடாது.

எப்போது போவது

சலாலாவின் சாரல் காலத்துக்கு அரபியில் கரீஃப் என்று பெயர். அதிகாரபூர்வமாக ஜூன் 21-இல் தொடங்கி செப்டம்பர் 20, 21 வரை. நமக்குப் புதிய சமாசாரம் இல்லை இது. நம்மூருக்கு வருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் சலாலாவை ஒட்டிய தோஃபார் மலைகளின் கடல் பார்த்த முகத்திலும் மோதுகிறது. குற்றாலத்தில் சீசன் களைகட்டும் அதே வாரங்களில் சலாலா மலையும் பச்சை போர்த்தியிருக்கும். மலைக்கு இந்தப் பக்கம் 45 டிகிரி, அந்தப் பக்கம் 25 டிகிரி.

ஜூன் கடைசியில் போனால் தூறல் இருக்கும், பச்சை முழுதாக வந்திருக்காது. ஜூலை மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முடிய முழு அழகு. கூட்டமும் ஹோட்டல் வாடகையும் அதற்கேற்ப ஏறும். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் எனக்குப் பிடித்தது: மூடுபனி விலகி, பச்சை அப்படியே இருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிடும். ஆகவே பெரும்பாலோருக்கு ஜூலைக் கடைசிதான் வாய்க்கும். சலாலாவில் அறையை இரண்டு மாதம் முன்பே பிடித்துவையுங்கள். ஹைமாவில் தங்க ஓர் அறையையும் அப்போதே பதிந்துவிடுங்கள், அங்கே விடுதிகள் குறைவு.

வண்டியைத் தயார்செய்வது

ஃபோர் வீல் தேவையில்லை. சாதாரண செடான் போதும், முழுக்கத் தார் ரோடுதான். பராமரிப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவே.

எல்லாவற்றிலும் முக்கியம் டயர். கோடையில் இந்தச் சாலையோரம் கிழிந்த டயர்ப் பட்டைகள் கறுப்புத் தோல்போலக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் வயதாகிவிட்டால் சூட்டில் வெடிக்கும். ஒருமுறை ஒரு கடையில் புது டயர் என்று நான்கும் மாற்றினேன். காபா தாண்டியதும் பின் டயர் ஒன்று வெடித்தது. பிறகுதான் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தேன். நான் வாங்கிய நாளிலேயே அதற்கு நான்கு வயது. இப்போதெல்லாம் பணம் கொடுக்கும் முன் கடைக்காரர் பக்கத்தில் நின்று நான்கு டயரையும் குனிந்து படித்துவிடுகிறேன். ஐந்து வருடம் தாண்டிய டயரோடு இந்தப் பயணம் வேண்டாம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள், பலபேர் அதை மறந்துவிடுவார்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

காற்றைக் காலையில், வண்டி ஓடாத குளிர்ந்த நிலையில், கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். முழுக் குடும்பமும் சாமானுமாகப் போகும்போது அதற்கென்று தனி அளவு அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கும். வழியில் டயர் சூடாகி அழுத்தம் ஏறும், அது இயல்பு. பயந்துபோய்ப் பாதி வழியில் காற்றை இறக்காதீர்கள். காற்று குறைந்த டயர்தான் அதிகம் நெளிந்து, அதிகம் சூடாகி வெடிக்கும்.

அடுத்து கூலன்ட், பெல்ட், பேட்டரி, ஏசி. பேட்டரி இங்கே குளிரில் சாவதில்லை, சூட்டில்தான் சாகும். இரண்டு வருடம் ஆகியிருந்தால் சோதித்துவிடுங்கள். வைப்பர் பிளேடை யாரும் நினைப்பதில்லை. பாலையில் காய்ந்து விறைத்துப்போன வைப்பரோடு சலாலா மலையில் சாரலுக்குள் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இந்த வேலைகளையெல்லாம் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே முடித்து, அதன் பிறகு ஊருக்குள் ஒரு வாரம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். முந்தின நாள் சர்வீஸ் விட்டு மறுநாள் பாலைக்குள் போகக் கூடாது.

துபாய், அபுதாபியிலிருந்து வருபவர்கள் ஓமான் விசாவையும், வண்டி இன்சூரன்ஸ் ஓமானுக்குள்ளும் செல்லுபடியாகும் தாளையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவரிடமிருந்து அனுமதிக் கடிதமும் வேண்டும். அல் ஐன் வழியாக வந்து இப்ரி பக்கம் இறங்கினால் மஸ்கட் வரை சுற்ற வேண்டியதில்லை.

வண்டிக்குள் என்ன வைப்பது

தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். குடிப்பதற்கு அத்தனை ஆகாது. வண்டி நின்றுபோய் உதவி வரக் காத்திருக்க நேர்ந்தால் ஆகும். அந்தத் தண்ணீரை டிக்கியின் அடியில், சூட்கேஸ்களுக்குக் கீழே புதைக்காதீர்கள். ஒரு பெட்டியாவது கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் எங்கள் வீட்டு வழக்கம் இது: முதல் நாள் காலைக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, மதியத்துக்குப் புளியோதரை. தயிர்சாதம் ஐஸ் பெட்டிக்குள் மட்டும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், காருக்குள் இரண்டு மணி நேரம் தாங்காது. கறிவேப்பிலைப் பொடியும் ஊறுகாயும் பாட்டிலில் இருந்தால் வழியில் எங்கே குப்பூஸ் ரொட்டி வாங்கினாலும் ஒரு சாப்பாடு ஆகிவிடும். காபி ஷாப்புகள் எல்லா பங்க்கிலும் உண்டு. பெரும்பாலும் மலையாளிகள் நடத்துவது, பரோட்டாவும் முட்டையும் கடக் சாயாவும் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து, வாந்தி மாத்திரை, பெரியவர்களின் மருந்து. இன்சுலின் இருந்தால் ஐஸ் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள், ஐஸைத் தொடக் கூடாது. டார்ச், பேட்டரி கேபிள், எச்சரிக்கை முக்கோணம், ஒரு பழைய போர்வை. டயர் மாற்ற மண்டியிடும்போது அந்தப் போர்வையின் மதிப்புத் தெரியும். தார் ரோட்டில் வெறும் முட்டி வைக்க முடியாது. பவர் பேங்க்கை டாஷ்போர்டின் மேல் வெயிலில் விட்டுவிடாதீர்கள்.

சிக்னல் பல இடங்களில் இருக்காது. மேப்பை வீட்டிலேயே டவுன்லோடு செய்யுங்கள். போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அவசர எண் 9999. அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

முதல் நாள்: மஸ்கட் முதல் ஹைமா

காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ஜூலையில் அப்போதே வெளிச்சம் வந்துவிடும். சாமானை முந்தின இரவே ஏற்றிவிட்டு, ஓட்டுகிறவர் ஒன்பது மணிக்குள் படுத்துவிட வேண்டும். இதில் வீட்டில் கண்டிப்பாக இருங்கள்.

நிஸ்வா சுமார் 165 கிலோமீட்டர். இங்கே காலைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை கிளம்பினால் கோட்டைக்குப் பக்கத்தில் காலையில் ஆட்டுச்சந்தை நடக்கும். ஆடுகளை வட்டமாக இழுத்துக்கொண்டு வருவார்கள், வாங்குகிறவர்கள் சுற்றிலும் உட்கார்ந்து விலை கேட்பார்கள். பிள்ளைகள் நகரவே மாட்டார்கள், எனவே அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

பெட்ரோலுக்கு ஒரே விதி: டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்புங்கள். ஆதமில் நிரப்புங்கள், ஹைமாவில் நிரப்புங்கள், அதற்குத் தெற்கே கண்ணில் படும் ஒவ்வொரு பங்க்கிலும் நிரப்புங்கள். சீசனில் ஏதாவது ஒரு பங்க்கில் நீண்ட வரிசை நிற்கும். பாதி டேங்க் கையிலிருந்தால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம்.

ஆதம் பக்கத்தில் ஓடைப் பள்ளங்களில் நிற்கும் மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஓமானியர்கள் கஃப் என்பார்கள். நாம் வன்னி என்கிறோம். விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னி. வேரை மிக ஆழமாக இறக்கி நீரைத் தேடிப் பிடிக்கிற மரம் என்பதால்தான் இந்த வெயிலிலும் பச்சையாக நிற்கிறது. முதல் முறை அதன் நிழலில் வண்டியை நிறுத்தியபோது அம்மா இறங்கிப்போய் அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருவதுதான் நான் சொன்ன தட்டை. மணல்மேடுகளை எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். இது கல்லும் சரளையுமான பாலை. ஜித்தத் அல் ஹராசிஸ் என்று பெயர். காட்டில் அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மானை 1982-இல் திரும்பக் கொண்டுவந்து விட்ட நிலம் இதுதான். யுனெஸ்கோ பட்டியலில் 1994-இல் ஏறிய இந்தச் சரணாலயம், பரப்பைப் பெருமளவு குறைத்ததால் 2007-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் உலகத்திலேயே இதுதான். அந்த மான்களை நெடுஞ்சாலையிலிருந்து பார்க்க முடியாது, சரணாலயத்துக்கு அனுமதி வாங்கித் தனியாகப் போக வேண்டும். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே "ஒன்றுமில்லை" என்று பிள்ளைகள் சொல்லும்போது இந்தக் கதையைச் சொன்னால், அதன்பிறகு கண்கள் வெளியேதான் இருக்கும்.

கானல் நீரையும் காட்டுங்கள். பத்து மணிக்கு மேல் சாலை தூரத்தில் ஏரியாகிவிடும், எதிரே வரும் லாரி அதில் மிதந்து வரும். சங்கத் தமிழில் அதற்குப் பேய்த்தேர் என்று பெயர். என் மகன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை தேர் எண்ணிக்கொண்டே வந்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாற வேண்டும். மாற்று ஆள் இல்லையென்றால் இருபது நிமிடம் வண்டியை நிறுத்த வேண்டும். தொடர்ந்து கொட்டாவி, கடைசி ஐந்து கிலோமீட்டர் நினைவில் இல்லாமை, வண்டி கோட்டை உரசுவது, இதில் ஒன்று நேர்ந்தாலும் அடுத்த பங்க்கில் நிறுத்திச் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள். சாயா தூக்கத்தைத் தள்ளிப்போடும், தீர்க்காது. ஏசியை எந்நேரமும் உள்காற்றுச் சுழற்சியிலேயே விடாதீர்கள். ஐந்து பேர் மூச்சுவிடும் மூடிய காற்று தூக்கத்தை வரவழைக்கும். மணிக்கு இரண்டு முறை வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

கழிப்பறை விஷயத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன், பெண்களும் பெரியவர்களும் இதற்குப் பயந்துதான் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். பங்க்குகளிலும் மசூதிகளை ஒட்டியும் கழிப்பறை உண்டு. சுத்தம் இடத்துக்கு இடம் மாறும். டிஷ்யூ, சோப்பு, ஒரு பாட்டில் தண்ணீர் தனிப்பையில் வைத்து, பங்க் வந்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லோரும் இறங்குவது என்று வழக்கமாக்குங்கள். அம்மா கேட்கக் கூச்சப்பட வேண்டியிருக்காது.

மதியம் ஒரு மணி வாக்கில் ஹைமா வந்துவிடும், மஸ்கட்டிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சிற்றூர். அறையைப் போட்டு, குளித்து, தூங்குங்கள். "இன்னும் நானூறுதானே, ஒரே மூச்சில் போயிடலாம்" என்று வண்டியில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இரண்டாம் நாள்: ஹைமா முதல் சலாலா

ஹைமா வரை இரட்டைச் சாலை. அதற்குத் தெற்கே எதிரெதிர் வண்டிகள் ஒரே சாலையில் வரும் பகுதிகளும், விரிவாக்க வேலைக்காகத் திருப்பிவிடும் இடங்களும் உண்டு. எண்ணெய்க் கிணறுகளுக்கு ராட்சத எந்திரம் ஏற்றிப்போகும் நீளமான லாரிகள் வரும். எதிர்ச் சாலையைக் கண்ணால் முழுக்கப் பார்க்காமல் முந்தாதீர்கள். கானல் நீர் எதிர் வண்டியை மறைக்கும். பின்னால் வருபவர் லைட் அடித்து அவசரப்படுத்தினால் வலப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள், அவரோடு போட்டி வேண்டாம்.

சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கைச் சடாரென்று வெட்டக் கூடாது. வண்டி உருளுவது அப்படித்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் குறைந்த பிறகு மெதுவாக ஏறுங்கள்.

ஒட்டகம் ஒன்று சாலையோரம் தெரிந்தால் பின்னால் இன்னும் நாலு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடித்தால் மிரண்டு எந்தப் பக்கமும் ஓடும். நின்றுவிடுங்கள், அவை போகட்டும். ஒட்டகத்தின் கால் நீளம் என்பதால் கார் இடித்தால் கால் மடங்கி, உடம்பின் முழு எடையும் கண்ணாடி வழியாக முன்சீட்டில் விழும். இரவில் அதன் நிறமும் தரையின் நிறமும் ஒன்று. இரவுப் பயணம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இது.

வண்டி நின்றுபோனால்: சாலையை விட்டு நன்றாக ஒதுக்குங்கள், ஆனால் இளமணலில் இறக்காதீர்கள். நான்கு விளக்கையும் போட்டு, முக்கோணத்தை வெகுதூரம் பின்னால் வையுங்கள். எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கம் இறங்கி, வண்டியிலிருந்து சற்று விலகிப் போர்வை நிழலில் இருங்கள். உதவி தேடி நடந்து போகவே கூடாது. இந்தச் சாலையில் சீசனில் பத்து நிமிடத்துக்குள் யாராவது நிறுத்துவார்கள். என் டயர் வெடித்த அன்று நிறுத்தியவர் ஓர் ஓமானி முதியவர். டயர் மாற்றி முடியும்வரை தன் பிக்கப்பின் நிழலில் என் பிள்ளைகளை உட்காரவைத்து, பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

தும்ரைத் தாண்டி, சலாலாவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் முன்பு வாதி தவ்கா. சாலையை ஒட்டியே ஒரு பள்ளத்தாக்கு நிறைய குந்திரிக்க மரங்கள். 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். குட்டையான, முறுக்கிய, பட்டை உரிந்த மரம். அதைக் கீறினால் பால்போல ஊறிக் காய்ந்து கட்டியாவதுதான் குந்திரிக்கம். உதிர்ந்த ஒரு துணுக்கை விரலில் தேய்த்தால் எலுமிச்சையும் பைனும் கலந்ததுபோல மணக்கும், சாயங்காலம்வரை போகாது. மரத்தைக் கீறாதீர்கள், கிளையை ஒடிக்க விடாதீர்கள்.

அடுத்த அரை மணி நேரம்தான் முழுப் பயணத்தின் உச்சம். பழுப்பு மலையில் ஏறிக்கொண்டே இருக்கிறீர்கள். ஓரிடத்தில் கண்ணாடியில் ஈரம் படியும். அடுத்த வளைவில் தரையில் லேசாகப் பச்சை. அடுத்ததில் மேகம் சாலைமேல் உட்கார்ந்திருக்கும். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன். தென்காசிக்காரியான அம்மா கையை வெளியே நீட்டி, "எய்யா, இது நம்ம சாரல்லா!" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

ஆனால் ஓட்டுகிறவர் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமும் ஃபாக் லைட்டும் மட்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்துப் போங்கள், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காது. புகைப்படத்துக்காகச் சாலையில் நிறுத்த வேண்டாம். மாடும் ஒட்டகமும் மூடுபனிக்குள்ளிருந்து திடீரென வரும்.

சலாலாவில்

குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். வாதி தர்பாத்தின் அருவி, ஐன் ரசாத் ஊற்று, முக்ஸைல் கடற்கரையில் பாறைத் துளை வழியே பீறிட்டெழும் கடல்நீர் எல்லாம் வழக்கமான பட்டியல். அருவி, ஓடைப் பக்கம் காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் வண்டி நகராது. கரீஃப் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், யாரையும் இறங்க விடாதீர்கள். முக்ஸைலில் வேலியைத் தாண்டிப் போட்டோ எடுக்கப் பிள்ளைகளை விடவே கூடாது. ஊருக்குள் சாலையோரம் இளநீர், வாழைக்குலை, பப்பாளிக் கடைகள் வரிசையாக இருக்கும். தென்னந்தோப்புகளைப் பார்த்தால் ஊர் நினைப்பு வந்துவிடும்.

பலர் தவறவிடும் ஓரிடத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், கோர் ரோரிக் கழிமுகத்தின் மேல் சும்ஹுரம் என்ற பழைய துறைமுகத்தின் இடிபாடுகள். குந்திரிக்கம் கப்பலேறிய ஊர். இங்கே இத்தாலிய ஆய்வாளர்கள் தோண்டி எடுத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்து இருப்பது 2012-இல் தெரியவந்தது. 'ணந்தை கீரன்' என்று வாசித்திருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. நக்கீரன் பெயரிலுள்ள அதே கீரன். இரண்டு நாள் பாலையைக் கடந்து வந்து அந்தக் கற்சுவர் மேல் நின்றால், கீழே கழிமுகம், அதற்கப்பால் கடல். அந்தக் காற்றில்தான் அவர் கப்பல் போயிருக்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "அவர் எதுக்குப்பா இங்க வந்தார்?" என்று கேட்டாள் மகள். "நீ எதுக்கு ஓமான்ல இருக்கே?" என்று அவள் அண்ணன் கேட்டான்.

திரும்பும்போது

வந்தது போலவேதான், ஹைமாவில் ஓரிரவு. கிளம்பும் முன் டயர் காற்றை மறுபடி பாருங்கள். வண்டியின் அடியில் சேறு ஒட்டியிருக்கும், சலாலாவிலேயே கழுவிவிடுங்கள். இப்போது 25 டிகிரியிலிருந்து 45-க்குள் ஏறுகிறீர்கள், முதல் ஒரு மணி நேரம் வெப்பமானி முள்ளைக் கவனியுங்கள். துக்ம் வழியாகக் கடலோரச் சாலையும் இருக்கிறது, அழகானது, ஆனால் நீளம் அதிகம். பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

மஸ்கட் வந்து சேரும் நாளுக்கு மறுநாளும் லீவு போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆபீஸ் என்ற அவசரம் இருந்தால் ஹைமாவில் தங்க மனம் வராது.